கூரையில் சோலர் இருந்தும் வீட்டில் இருள் ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 11 மணி கடந்த வேளையில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றுபோனது தங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததே காரணம் என்று அமைச்சர் சொன்னதைக் கேட்டு ஊரெல்லாம் சிரித்தது. கிளிநொச்சியில் இருக்கும் என் மைத்துனருக்கு மட்டும் அன்று சிரிப்பு வரவில்லை. முந்திய ஆண்டுதான் கடன் எடுத்துக் கூரை நிறையச் சோலர் பனல் பூட்டியிருந்தார். வெயில் கொளுத்தும் நடுப்பகலில் மின்விசிறி சுழலாத வீட்டிலிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்து, "அத்தான், கரண்டோட சேர்ந்து சோலரும் பழுதாப் போச்சோ?" என்று கேட்டார்.

பழுது ஒன்றும் இல்லை. பொது மின் வலையமைப்போடு இணைக்கப்படும் சோலர், மின்னைக் கொடுத்து வாங்கும் கணக்கு முறைகளான நெற் மீற்றரிங், நெற் எக்கவுண்டிங், நெற் பிளஸ் ஆகியவற்றில் எதுவாக இருந்தாலும், பற்றரி இல்லாத சாதாரண இன்வேட்டரை (பனலின் டி.சி. மின்னை வீட்டுக்கான ஏ.சி. மின்னாக மாற்றும் பெட்டி) கொண்டதாயின் வெளியிலிருந்து வரும் மின்னின் அலையைப் பார்த்தே தன் அலையை ஒழுங்குபடுத்திக்கொள்கிறது. வெளி மின் நின்றால் ஓரிரு விநாடிகளுக்குள் தானும் நின்றுவிட வேண்டும் என்றே அது செய்யப்பட்டிருக்கிறது. அதற்கு நியாயமான காரணம் உண்டு. மின்கம்பத்தில் ஏறி அறுந்த கம்பியைத் தொடுக்கும் ஊழியர், வழியில் மின் இல்லை என்று நம்பிக் கைவைக்கும்போது, பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்து 230 வோல்ட் அந்தக் கம்பிக்குள் இறங்கினால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. ஆகவே, 2016 இல் அரசு தொடக்கிய சூரிய பல சங்கிராமய (சூரிய சக்திப் போராட்டம்) என்ற திட்டத்தின் வழியே நாடெங்கும் பெருகிய கூரைச் சோலர்களில் மிகப் பெரும்பாலானவை மின்கட்டணத்தைக் குறைக்கவும் வருமானம் தரவும் வந்தவையே. மின்தடை நேரத்தில் வீட்டுக்கு வெளிச்சம் தருவது அவற்றின் வேலை அன்று.

இந்த வேறுபாடு விற்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். வாங்குபவருக்கு அதை எடுத்துச் சொல்வோர்தான் குறைவு. மைத்துனருக்கு வந்த விலைமதிப்புத் தாளை நான் பிறகு வாங்கிப் பார்த்தேன். இருபது ஆண்டுகளில் எவ்வளவு மிஞ்சும் என்ற அட்டவணை இருந்தது, மின்தடையின்போது இயங்காது என்ற ஒரு வரி எங்கும் இல்லை. ஏ9 வீதியின் இருமருங்கிலும் சோலர் விளம்பரப் பலகைகள் பெருகிவரும் இந்நாள்களில், நம் பகுதி மக்கள் இரண்டாவது முறையும் ஏமாறாமல் இருப்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மின்சாரம் இல்லாமல் வாழ்வது வன்னிக்குப் புதிதன்று. 1990 ஆம் ஆண்டுக்குப் பின்னர் பொருளாதாரத் தடையின் கீழ், ரோச் லைற்றுக்குப் போடும் சிறு பற்றரிகூட அரிய பொருளாகிவிட்ட காலத்தில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சில துளி மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் பரீட்சைக்குப் படித்தவர்களும், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டவர்களும் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். தீர்ந்துபோன பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு செய்தி அறிக்கைக்கு உயிர் பிழியும் வித்தை அன்று எல்லா வீட்டிலும் தெரிந்திருந்தது. எத்தனை துளி எண்ணெய்க்கு எத்தனை மணி நேரம் விளக்கெரியும் என்று கணக்கு வைத்திருந்த அதே மக்கள், இன்று இலட்சக்கணக்கில் செலவழித்துப் பற்றரி வாங்கும்போது அந்தக் கணக்கைப் போட மறந்துவிடுகிறார்கள் என்பதே என் ஆதங்கம்.

மறந்தவர்களில் நானும் ஒருவன். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாள்களில், ஆஸ்மாக்காரியான என் மனைவிக்கு மருந்தைப் புகைபோல் மூச்சில் கொடுக்கும் நெபுலைசருக்காகப் பதறியடித்துக் கடையொன்றுக்கு ஓடி, அவர்கள் கொடுத்த இன்வேட்டரையும் லொறிக்குப் போடும் இரண்டு பற்றரிகளையும் விலை பேசாமல் வாங்கி வந்தேன். பதினான்கு மாதங்களில் பற்றரிகள் இரண்டும் செத்துவிட்டன. மின்பகுபொருள் பற்றி முப்பது ஆண்டுகள் வகுப்பில் பாடம் நடத்திய விஞ்ஞான ஆசிரியர் நான் என்பதை இங்கே வெட்கத்தோடு குறிப்பிடுகிறேன். லொறிப் பற்றரியின் வேலை, எஞ்சினை எழுப்பச் சில விநாடிகளுக்குப் பெரும் மின்னோட்டத்தை ஒரே மூச்சில் கொடுப்பது. அதற்காக அதன் உள்ளே ஈயத் தட்டுகளை மெல்லியதாகவும் எண்ணிக்கையில் கூடுதலாகவும் வைத்திருப்பார்கள். அதை இரவு முழுவதும் மெதுவாக அடிவரை உறிஞ்சினால் அந்தத் தட்டுகள் சில மாதங்களில் உதிர்ந்து போகும். போதாக்குறைக்கு, வடித்த நீர் கிடைக்காத ஒரு நாளில் எங்கள் கிணற்று நீரையே அதற்குள் ஊற்றினேன். கேத்தலின் அடியில் வெள்ளைக் கல்லாகப் படியும் வன்னிக் கிணற்று நீர் பற்றரிக்குள் போனால் அதன் கதி என்னவாகும் என்று என் மாணவன் ஒருவன் கேட்டிருந்தால் சரியான விடையைச் சொல்லியிருப்பேன்.

இரண்டாவது முறை வாங்குமுன் ஒரு கொப்பித் தாளில் கணக்குப் போட்டேன். நான்கு எல்.ஈ.டி. மின்குமிழ்கள், ஒவ்வொன்றும் 9 வாட், ஐந்து மணி நேரம் எரிந்தால் 180 வாட்-மணி. இரண்டு மின்விசிறிகள், ஒவ்வொன்றும் 60 வாட், எட்டு மணி நேரம் சுழன்றால் 960. இணைய ரவுட்டருக்கு 80, கைத்தொலைபேசிகளுக்கு 60, செய்தி பார்க்க இரண்டு மணி நேரத் தொலைக்காட்சிக்கு 120. ஆக, ஓர் இரவுக்கு 1,400 வாட்-மணி. மின்சாரப் பட்டியலில் காணும் ஓர் அலகு 1,000 வாட்-மணி என்பதால், நம் இரவு கேட்பது ஒன்றரை அலகுக்கும் குறைவு. நெபுலைசரை இதில் சேர்க்கவில்லை. அதன் பங்கு மிகச் சொற்பம், ஏனெனில் அது ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடமே இயங்குகிறது. கணக்கின் மூன்றில் இரண்டு பங்கை விழுங்குவது மின்விசிறிகள்தான் என்று கண்டதும், 30 வாட் அளவில் ஓடும் புதுவகை மின்விசிறிகள் இரண்டை முதலில் வாங்கினேன். ஒரே நாளில் 480 வாட்-மணி மிச்சமாகியது. அதே 480 வாட்-மணியைத் தரக்கூடிய பற்றரியின் விலையோடு ஒப்பிட்டால் மின்விசிறியின் விலை எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

இனிப் பற்றரிக்கு வருவோம். 12 வோல்ட், 100 அம்பியர்-மணி என்று எழுதப்பட்ட பற்றரியில் 1,200 வாட்-மணி இருப்பதாகப் பெருக்கிப் பார்த்து மகிழ்கிறோம். ஈயப் பற்றரியாயின், நீண்ட காலம் உழைக்க வேண்டுமெனில், அதில் பாதிக்கு மேல் எடுக்கக்கூடாது. எனவே கையில் இருப்பது 600 மட்டுமே. லிதியம் இரும்பு பொஸ்பேற்று வகையில் எண்பது விழுக்காடு வரை தயக்கமின்றி எடுக்கலாம். ஆழமாக வற்றவிட்டு மீண்டும் நிரப்பும் சுற்றுகளைக் கணக்கிட்டால் சாதாரண ஈயப் பற்றரி சில நூறு சுற்றுகளில் களைத்துவிட, இந்த லிதியம் வகை சில ஆயிரம் சுற்றுகள் தாங்குகிறது. விலை கூடுதல்தான். ஆனால், இரண்டு தடவை ஈயப் பற்றரி மாற்றியவர் மூன்றாவது தடவை கடைக்குப் போகும்போது எது மலிவு என்பதை அறிந்துகொள்கிறார். 25.6 வோல்ட், 100 அம்பியர்-மணி கொண்ட ஒரு லிதியம் பற்றரி ஏறத்தாழ 2,000 வாட்-மணியை வீட்டுக்குத் தரும். இன்வேட்டரில் வீணாவதைக் கழித்த பின்னரும் மேலே சொன்ன ஓர் இரவுக்கு அது போதுமானது. வாகனங்களிலிருந்து கழற்றிய பழைய லிதியம் பற்றரிகளைச் சேர்த்துக் கட்டி விற்பதையும் காண்கிறேன். உள்ளே இருக்கும் கலங்கள் எந்த வகை, ஒவ்வொரு கலத்தையும் காவல் காக்கும் கட்டுப்பாட்டுப் பலகை இருக்கிறதா என்று சொல்லத் தெரியாதவரிடம் அதை வாங்கி வீட்டுக்குள் வைக்க எனக்குத் துணிவில்லை.

இன்வேட்டர் பற்றி ஒரு விடயம் பலர் அறியாதது. எதையும் இயக்காமல் சும்மா நிற்கும்போதே அது 20 முதல் 50 வாட் வரை தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. 50 வாட் எடுக்கும் ஒன்று 24 மணி நேரம் நின்றால் 1,200 வாட்-மணி. ஏறக்குறைய ஒரு குடும்பத்தின் இரவுத் தேவை முழுவதையும் அந்தப் பெட்டியே தின்றுவிடுகிறது. தேவைக்கு மேல் பெரிய இன்வேட்டர் வாங்குவது கௌரவம் அன்று, நட்டம். அலைவடிவம் சீரான சைன் அலையாக இருப்பதும் அவசியம். என் முதல் இன்வேட்டர் அப்படியிருக்கவில்லை, அதனால் மின்விசிறி இரவெல்லாம் வண்டு போல இரைந்தது, நெபுலைசரின் மோட்டர் கைவைக்க முடியாதபடி சுட்டது.

கிணற்று மோட்டரையும் இதில் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது சுமார் 1,000 வாட் எடுத்தாலும், கிளம்பும் கணத்தில் அதைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு இழுக்கும். அந்த ஒரு கணத்துக்காக இன்வேட்டரையும் பற்றரியையும் மும்மடங்காக்குவது வீண் செலவு. மின்சாரம் இருக்கும்போதே மேல்தாங்கியை நிரப்பி வைத்துவிட்டால், மோட்டருக்குப் பற்றரி அந்தத் தாங்கிதான். அதுவும் வற்றினால் கப்பியும் வாளியும் இருக்கவே இருக்கின்றன. குளிர்சாதனப் பெட்டியும் அப்படித்தான். கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் நான்கு மணி நேரம் உள்ளே குளிர் நிற்கும். சில போத்தல்களில் நீரை உறையவைத்து உள்ளே அடுக்கியிருந்தால் இன்னும் சற்று நேரம் நிற்கும். முல்லைத்தீவுக் கரையில் மீனைப் பெட்டியில் அடைப்பவர்களுக்கு இதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

தென்பகுதிக்காக எழுதப்படும் வழிகாட்டல்களில் காணப்படாத, வன்னிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. நமக்கு மழை பெரும்பாலும் ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. மரம் முறிந்து கம்பியில் விழுவதும், கம்பம் சாய்வதும், வெள்ளத்தால் வழி அடைபட்டு ஊழியர்கள் வந்து சேர முடியாமல் போவதும் அந்த மாதங்களில்தான். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறக்கப்பட்டு கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மிதந்ததையும், 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரை கடந்ததையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டையே புரட்டிப்போட்டதையும் எண்ணிப் பாருங்கள். மின் நிற்கும் நாள்களும் சூரியன் முகம் காட்டாத நாள்களும் நமக்கு ஒன்றாகவே வருகின்றன. வெயில் நாளில் 1,800 வாட்-மணி அளவில் தரும் 550 வாட் பனல் ஒன்று, தொடர்ந்து கார்முகில் மூடிய நாள்களில் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தந்தாலே பெரிது. "பனல் இருக்கிறதே, பற்றரி தானாக நிரம்பும்" என்று நம்பியிருப்பவர் மழையின் இரண்டாம் நாள் இருளில் இருப்பார்.

ஆகவே நம் பகுதிக்குப் பொருத்தமானது சோலராலும் வெளியிலிருந்து வரும் மின்னாலும் பற்றரியை நிரப்பக்கூடிய ஹைபிரிட் வகை இன்வேட்டரே. மாசி முதல் புரட்டாசி வரை சோலரை முதலில் செலவழிக்குமாறும், ஐப்பசி பிறந்ததும் பற்றரியை எப்போதும் நிறைத்து வைத்து மின் நின்றால் மட்டுமே அதைத் தொடுமாறும் அமைப்பை மாற்றிவிட வேண்டும். இன்வேட்டரின் முகப்பில் சில பொத்தான்களை அழுத்தினால் முடியும் வேலை இது. பூட்டியவர் அதைக் காட்டிக்கொடுக்காமல் போனதால், விலையுயர்ந்த ஹைபிரிட் இன்வேட்டர் வைத்திருந்தும் மழைக்காலத்தில் வெறும் பற்றரியோடு இருந்த இரண்டு வீடுகளை நானே கண்டிருக்கிறேன். ஏற்கெனவே வலையமைப்போடு சோலர் இணைத்தவர்களும் மின் விநியோக நிறுவனத்தின் அனுமதியோடு பற்றரியுடன் கூடிய இன்வேட்டருக்கு மாறலாம். மைத்துனர் இப்போது அதற்குத்தான் விண்ணப்பிக்கத் தயாராகிறார்.

பாதுகாப்பு விடயத்தில் நம்மவர்கள் காட்டும் அசட்டை எனக்குக் கலக்கம் தருகிறது. ஜெனரேற்றரின் அல்லது இன்வேட்டரின் மின்னை, இருபுறமும் பிளக் பூட்டிய வயரால் சுவரிலுள்ள சொக்கற்றுக்குள் செருகி வீடு முழுவதற்கும் கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. பிரதான சுவிட்சை நிறுத்த மறந்த ஒரே ஒரு இரவு போதும், அந்த மின்னோட்டம் மீற்றர் வழியே வீதிக் கம்பிக்குப் போய், நிலைமாற்றியில் (ட்ரான்ஸ்போமரில்) எதிர்த்திசையில் ஏறி ஆயிரக்கணக்கான வோல்ட்டாக மாறிவிடும். இரு வழிகளும் ஒருபோதும் ஒன்றுசேராதபடி தடுக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்சின் விலை, இன்வேட்டரோடும் பற்றரியோடும் ஒப்பிட்டால் மிகச் சிறியது.

பற்றரிப் பக்கத்தில் 12 அல்லது 24 வோல்ட்தானே, சுடாது என்று எண்ணுவதும் தவறு. 1,000 வாட்டை 12 வோல்ட்டிலிருந்து எடுக்க, இன்வேட்டரில் வீணாவதையும் சேர்த்தால், 90 அம்பியருக்கு மேல் பாய வேண்டும். விளக்குக்கு இழுக்கும் வயரில் அது பாய்ந்தால் வயர் உருகும். அதே சுமைக்கு 24 வோல்ட்டில் பாதி, 48 வோல்ட்டில் கால்வாசியே போதும் என்பதால், சற்றுப் பெரிய ஏற்பாடு செய்பவர்கள் 12 வோல்ட்டை மறந்துவிடுவது நல்லது. பற்றரியின் நேர்முனைக்கு மிக அருகிலேயே பியூஸ் இருக்க வேண்டும். பனலுக்கும் பற்றரிக்கும் இடையே வீட்டுப் பலகையில் பூட்டும் சாதாரண பிரேக்கரைப் போடக்கூடாது. பிரேக்கர் விழும்போது உள்ளே ஒரு பொறி எழும். ஆடலோட்டம் (ஏ.சி.) விநாடிக்கு நூறு தடவை பூச்சியத்தைத் தொடுவதால் அந்தப் பொறி தானாக அணைகிறது. நேரோட்டத்தில் (டி.சி.) அப்படி ஓர் ஓய்வு இல்லாததால் பொறி தொடர்ந்து எரிந்து தீப்பிடிக்கக்கூடும். நேரோட்டத்துக்கென்றே செய்யப்பட்ட பிரேக்கர் கேட்டு வாங்க வேண்டும். ஈயப் பற்றரி நிரம்பும்போது ஐதரசன் வாயு வெளியேறுவதால் அதைப் படுக்கையறையிலோ சாமியறை விளக்கின் அருகிலோ வைப்பது விபரீதம். இன்வேட்டருக்குள் பல்லியும் எறும்பும் புகாதபடி காற்றுத் துளைகளுக்கு மெல்லிய வலை போடுவதும் நன்று, அனுபவத்தில் சொல்கிறேன்.

கூரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 550 வாட் பனல் ஒன்று ஏறத்தாழ 28 கிலோ நிறையும் இரண்டரைச் சதுர மீற்றர் பரப்பும் கொண்டது. நிறையைவிடக் காற்றே அதற்குப் பெரிய எதிரி. வீட்டுத்திட்ட வீடுகளின் கூரை மரங்கள் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. ஓட்டைக் கழற்றி மரத்தைக் கண்ணால் பார்க்காமல் பனல் ஏற்ற விடாதீர்கள். நாம் இருப்பது வட அகலக்கோடு 9 பாகைக்குச் சற்று மேலே என்பதால் தெற்கு நோக்கிப் பத்துப் பாகை சரிவே போதும், மழையும் அதைக் கழுவிவிடும். முற்றத்துத் தென்னையின் ஓர் ஓலை நிழல், தொடராக இணைத்த பனல் வரிசை முழுவதன் விளைச்சலையும் குறைத்துவிடும். தென்னையை வெட்டச் சொல்ல எனக்கு மனம் வராது, பனலை மாட்டுக் கொட்டிலின் மேல் வைக்கலாம். பாணந்துறைக் குரங்கின் உறவினர்கள் நம் ஊரிலும் ஏராளம் என்பதால், வயர்களைக் குழாய்க்குள் விடாமல் தொங்கவிடுவது அவற்றுக்கு ஊஞ்சல் கட்டிக் கொடுப்பதாகும்.

அதிகாரத்தில் உள்ளவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சோலர் விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் தன் விலைமதிப்புத் தாளில், மின்சாரம் நின்றால் இந்த ஏற்பாடு இயங்குமா இயங்காதா, இயங்குமெனில் எத்தனை வாட்டில் எத்தனை மணி நேரம், பற்றரி எந்த வகை, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பவற்றைத் தமிழில் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்று நிலைபெறுதகு வலு அதிகார சபையும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவும் கட்டாயப்படுத்தலாம். வன்னியிலுள்ள தொழிற்பயிற்சி நிலையங்களில் வீட்டு வயரிங் படிக்கும் பிள்ளைகளுக்குப் பற்றரியும் நேரோட்டப் பாதுகாப்பும் பாடமாக வர வேண்டும். இன்று இந்த வேலையைச் செய்பவர்களில் பலர் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றவர்கள். தங்கள் பத்திரிகையும் மழைக்காலம் தொடங்குமுன் இது பற்றி ஒரு பக்கம் ஒதுக்கினால் பலருக்குப் பணம் மிஞ்சும், சிலருக்கு உயிரே மிஞ்சக்கூடும்.

எங்கள் வீட்டில் மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பிரதான சுவிட்சை நானே நிறுத்திவிடுகிறேன். மறுநாள் காலை வரை வீடு பற்றரியில் ஓடுகிறது. எத்தனை விழுக்காடு மிஞ்சியது என்பதை நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வைக்கிறோம். சென்ற மாதம் 41, இந்த மாதம் 38. மூன்று ஏன் குறைந்தது என்று தேடியபோது, பேரன் தன் மடிக்கணினியை இரவெல்லாம் செருகி வைத்திருந்தது தெரியவந்தது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
ஒட்டுசுட்டான்.
(பெயரும் முகவரியும் ஆசிரியருக்குத் தனியாகத் தரப்பட்டுள்ளன.)